ஆங்கிலத்தின் குதிரை லாயம்

போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்களிலும் மரபுத்தொடர்களுக்கென்று சில பக்கங்கள் கட்டாயம் இருக்கும். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். குதிரைக்கான வரிசை வந்தால் பட்டியல் முடிகிற பாடில்லை. டார்க் ஹார்ஸ், ஹை ஹார்ஸ், கிஃப்ட் ஹார்ஸ், டெட் ஹார்ஸ் என்று போய்க்கொண்டே இருக்கும். மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடலாம். ஆனால் எந்தத் தொடரை யாரிடம் சொல்லலாம், எதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மாறும் என்பதை அந்த வலப்பக்கம் சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள லாயத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். சந்தைக்கும் பந்தயத் திடலுக்கும் போனால் இன்னும் நல்லது.

குதிரை இங்கிலாந்தில் அரசர் ஏறும் வாகனம் மட்டுமாக இருக்கவில்லை. ஏர் இழுத்தது, தபால் சுமந்தது, பீர் பீப்பாய் வண்டி இழுத்தது, போருக்குப் போனது. 1890களில்கூட லண்டன் நகரத்தில் மட்டும் சுமார் 3 லட்சம் குதிரைகள் வேலை செய்தன என்பது அக்காலக் கணக்கு. அப்படி ஒரு ஊரில் குதிரை வாங்குவது, விற்பது, ஏமாறுவது, ஏமாற்றுவது எல்லாமே தினசரிப் பேச்சு. மொழியில் தங்கியதும் அந்தப் பேச்சுதான்.

முதலில் பல். 'கிஃப்ட் ஹார்ஸ்' தொடரின் கருத்து, இனாமாக வந்த குதிரையின் வாயைத் திறந்து பார்க்காதே என்பது. நமக்கு இதில் புதிது ஒன்றுமில்லை. 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்று நாமும் சொல்கிறோம். மாட்டுச் சந்தையில் 'பல் போடாத கன்று', 'ரெண்டு பல்', 'நாலு பல்' என்று பல்லை வைத்துத்தான் வயதைச் சொல்வார்கள். அங்கே குதிரை, இங்கே மாடு. தரகர் செய்யும் வேலை ஒன்றுதான். இந்தப் பழமொழிக்கு வயதும் ரொம்ப அதிகம். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித ஜெரோம் லத்தீனில் இதை எழுதும்போதே, 'ஊரில் வழங்கும் பழமொழிதான்' என்று சொல்லித்தான் எடுத்தாண்டார். 1546இல் ஜான் ஹேவுட் தொகுத்த ஆங்கிலப் பழமொழிகளிலும் இது இருக்கிறது.

பல்லில் அப்படி என்னதான் தெரியும்? குதிரைக்கு முன்வாயில் மேலே ஆறு, கீழே ஆறு வெட்டுப்பற்கள். பால்பற்கள் இரண்டரை வயதில் விழத் தொடங்கும். ஐந்து வயதுக்குள் எல்லா இடத்திலும் நிலைப்பற்கள் வந்துவிடும். அதன் பிறகு தேய்மானத்தைத்தான் பார்க்க வேண்டும். புதுப் பல்லின் மேற்பரப்பில் சின்னக் குழி ஒன்று இருக்கும். கீழ்வரிசையில் நடுப்பற்களின் குழி சுமார் ஆறு வயதிலும், அடுத்தவற்றின் குழி ஏழிலும், ஓரப்பற்களின் குழி எட்டிலும் மறையும். சுமார் பத்து வயதில் மேல் ஓரப்பல்லின் ஈறு ஓரத்தில் ஒரு கோடு தோன்றிக் கீழிறங்கத் தொடங்கும். இருபதில் அது பல்லின் முழு நீளத்துக்கும் வந்துவிடும். இதெல்லாம் தோராயக் கணக்குதான். மணல் தரையில் மேய்ந்த குதிரைக்குப் பல் சீக்கிரம் தேயும்.

கணக்கு இருந்தால் கள்ளக்கணக்கும் இருக்கும் அல்லவா? எட்டு வயது தாண்டிய குதிரையின் தேய்ந்த பல்லில் புதிதாகக் குழி தோண்டி, சூட்டுக்கோலால் கறுக்க வைத்து, ஆறு வயது என்று விற்கும் தரகர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். அந்த மோசடிக்கு 'பிஷப்பிங்' என்று தனிப்பெயரே உண்டு. ஆக, குதிரையின் வாயைத் திறந்து பார்ப்பது என்றால் விற்பவனை நம்பவில்லை என்று பொருள். இனாமாகக் கொடுத்தவர் முன்னாலேயே அதைச் செய்தால் எப்படி இருக்கும்? 'இலவசமாகக் கிடைத்ததைக் குறை சொல்லாதே' என்று கையேடு போடும் பொருள் தப்பில்லை. ஆனால் கொடுத்தவரை அவமதிக்காதே என்ற காரம் அதில் இறங்கவில்லை.

இதே வாயிலிருந்து வந்தது 'லாங் இன் த டூத்'. வயதான குதிரைக்கு ஈறு பின்வாங்கும். பற்கள் முன்பக்கம் சாய்ந்து நீளமாகத் தெரியும். 'நீளப்பல்' என்றால் கிழடு. 19ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் மனிதர்களைக் குறித்து, குறிப்பாகப் பெண்களைக் குறித்து, கிண்டலாக இது வரத் தொடங்கியது. இன்றைக்கும் இதைத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம், பழைய கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லலாம். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது மரியாதைக் குறைவுதான். 'வயதான' என்று மட்டும் பொருள் போட்டிருக்கும் கையேட்டை நம்பிப் பிரிவுபசார விழாவில் யாராவது இதை எடுத்துவிட்டால் கதை கந்தல்.

'ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் த ஹார்ஸஸ் மவுத்' தொடரையும் பல்லோடு சேர்த்து விளக்குபவர்கள் உண்டு. எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. தொடர் பரவியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பந்தயம் கட்டுபவர்களிடையே. இன்றைக்கு எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று துப்பு விற்பவர்கள், லாயக்காரன் சொன்னான், ஜாக்கி சொன்னான் என்பார்கள். அவர்களையும் மிஞ்ச வேண்டுமென்றால் குதிரையே என் காதில் சொன்னது என்றுதானே சொல்ல வேண்டும்? நேரடித் தகவல் என்று இன்று நாம் எடுத்துக்கொள்ளும் தொடருக்குள் பந்தயத் திடலின் புளுகு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பந்தயத் திடல் ஆங்கிலத்துக்குக் கொடுத்ததைப் போல வேறெந்த விளையாட்டும் இவ்வளவு கொடுத்ததா என்று சந்தேகமாக இருக்கிறது. கிரிக்கெட் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். இரண்டு குதிரைகள் கழுத்துக்குக் கழுத்தாக வந்தால் 'நெக் அண்ட் நெக்'. ஜெயிப்பது உறுதி என்று தெரிந்ததும் ஜாக்கி லகானைத் தளர்த்திக் கைகளைக் கீழே போட்டுவிடுவான். அப்படிப்பட்ட வெற்றிதான் 'ஹேண்ட்ஸ் டவுன்'. முதல் மூன்று இடத்துக்குள் வராமல் முடிவுப் பட்டியலின் அடியில் 'இவையும் ஓடின' என்று அச்சாகும் குதிரை 'ஆல்ஸோ ரேன்'. அமெரிக்காவில் ஒரே குதிரை மீது முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் மூன்றுக்கும் சமமாகப் பணம் கட்டுவது 'அக்ராஸ் த போர்ட்'. இன்று நிறுவனங்கள் எல்லாப் பிரிவுகளிலும் ஆட்குறைப்பு என்று அறிவிக்கும்போது இதே சொல்லைத்தான் பயன்படுத்துகின்றன. வேகமான குதிரையை வேறொரு பெயரில் ஓடவிடும் ஏமாற்றில், அந்த மாற்றுக் குதிரைக்குப் பெயர் 'ரிங்கர்'. அச்சு அசலாக ஒருவரைப் போலவே இருப்பவரை 'டெட் ரிங்கர்' என்பது அதிலிருந்துதான்.

'டார்க் ஹார்ஸ்' கதை கொஞ்சம் நீளம். தமிழ் விளையாட்டுப் பக்கங்களில் இதைக் 'கறுப்புக் குதிரை' என்று எழுதுகிறார்கள். நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருட்டில் வைத்த குதிரை, அதாவது திறமை வெளியே தெரியாத குதிரை என்பதுதான் கருத்து. 1831இல் வெளிவந்த ஒரு நாவலில் இது அச்சில் வருகிறது. எழுதியவர் பெஞ்சமின் டிஸ்ரேலி, பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமர் ஆனவர். எல்லோரும் எதிர்பார்த்த குதிரைகள் பின்தங்கிவிட, யாரும் நினைத்தே பார்க்காத ஒரு குதிரை பாய்ந்து ஜெயிக்கிறது.

இந்தத் தொடரை அரசியல் இறுகப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் 1844 மே மாதம் பால்டிமோரில் ஜனநாயகக் கட்சி மாநாடு கூடியது. முன்னாள் அதிபர் மார்ட்டின் வான் ப்யூரன்தான் வேட்பாளர் என்று பலரும் நினைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பது விதி; அது அவருக்குக் கிடைக்கவில்லை. ஏழு சுற்று வாக்கெடுப்பு வரை ஜேம்ஸ் போல்க் பெயருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. எட்டாவது சுற்றில் 44 வாக்கு. ஒன்பதாவது சுற்றில் அவரே வேட்பாளர். 'யார் இந்த ஜேம்ஸ் போல்க்?' என்று எதிர்க்கட்சி கேலி செய்தது. கடைசியில் அதிபரானதும் அவரே. இதில் கவனிக்க ஒன்று உண்டு. போல்க் முகம் தெரியாத ஆள் அல்ல. பிரதிநிதிகள் சபையின் தலைவராக இருந்தவர், டென்னஸி மாநில ஆளுநராகவும் இருந்தவர். ஆகவே டார்க் ஹார்ஸ் என்றால் அனாமதேயம் என்று கொள்ளக் கூடாது. அந்தப் பந்தயத்தில் யாரும் அவர் மேல் பணம் கட்டவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊர் கிரிக்கெட் வர்ணனையாளர்களுக்குப் பிடித்தது 'ஹார்சஸ் ஃபார் கோர்சஸ்', அதாவது தடத்துக்கு ஏற்ற குதிரை. சேப்பாக்கத்தில் ஆட்டம் என்றால் கூடுதலாக ஒரு சுழற்பந்து வீச்சாளர், வெளிநாட்டில் பச்சைப் பிட்ச் என்றால் கூடுதல் வேகம் என்று அணி மாறும்போதெல்லாம் இது காதில் விழும். இங்கிலாந்தின் பந்தயத் தடங்களைப் பார்த்தால் காரணம் புரியும். எப்சம் தடம் இடப்பக்கம் வளைந்து சரிவில் இறங்கும். அஸ்காட் வலப்பக்கம் வளையும். செஸ்டர் தடம் ஒரு மைலுக்குச் சற்றே கூடுதலான சுற்றளவு, கிட்டத்தட்ட முழுக்க வளைவுதான். நீளக்கால் போட்டு ஓடும் குதிரை செஸ்டரில் திணறும். எல்லாத் திடலும் ஒரே மாதிரி இருந்திருந்தால் இந்தத் தொடரே பிறந்திருக்காது.

வாடகைக் குதிரைக்கும் ஒரு தொடர் உண்டு. அதில் குதிரை என்ற சொல்லே இருக்காது, அதனால் பட்டியலில் தனியாக எங்கோ கிடக்கும்: 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்'. தாமஸ் ஹாப்சன் கேம்பிரிட்ஜில் இருந்தவர், 1631இல் இறந்தார். லண்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையே சரக்கும் கடிதங்களும் சுமக்கும் தொழில். லாயத்தில் சுமார் 40 குதிரைகள் இருந்தன. பல்கலைக்கழக மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவார். பையன்கள் நல்ல குதிரையையே கேட்டு வாங்கி அடித்து ஓட்டினால் அது என்ன ஆகும்? அதனால் அவர் ஒரு முறை வைத்தார். கதவருகே நிற்கும் குதிரைதான் கிடைக்கும். வேண்டுமா எடுத்துக்கொள், வேண்டாமா போய் வா. ஓடிவிட்டு வந்த குதிரை வரிசையின் கடைசிக்குப் போகும். மாணவர்களுக்கு இது அடாவடியாகத் தெரிந்திருக்கலாம். குதிரையின் பக்கம் நின்று பார்த்தால் நியாயமான ஏற்பாடு. அப்போது அங்கே மாணவராக இருந்த கவிஞர் மில்டன், ஹாப்சன் இறந்ததும் குறும்பாக இரண்டு இரங்கற்பாக்கள் எழுதினார். கொள்ளைநோயால் லண்டன் பயணம் தடைபட்டிருந்த நேரம் அது; சும்மா உட்கார்ந்ததால்தான் மனிதர் செத்தார் என்பது அதிலுள்ள நகைச்சுவை. இரண்டு கெட்டதில் ஒன்றைப் பொறுக்குவதைச் சிலர் ஹாப்சன்ஸ் சாய்ஸ் என்கிறார்கள். ஹாப்சன் காட்டியது ஒரே குதிரையைத்தான்.

ஏறி உட்கார்ந்த பிறகு வரும் தொடர்கள் பெரும்பாலும் அடக்குவதைப் பற்றியவை. 'ஹோல்ட் யுவர் ஹார்சஸ்' என்றால் பொறு, அவசரப்படாதே என்று பொருள். தோழனிடம் சொல்லலாம், மேலதிகாரியிடம் சொல்ல முடியாது. 'கொஞ்சம் அடங்குப்பா' என்கிற தொனி அதில் உண்டு. 'ஹை ஹார்ஸ்' என்பது இடைக்காலத்துப் பிரபுக்கள் ஏறிய உயரமான போர்க்குதிரை. அதன் மேல் இருப்பவன் மற்றவர்களைக் குனிந்துதான் பார்ப்பான். தன்னை உத்தமனாக நினைத்துக்கொண்டு பிறருக்கு உபதேசம் செய்பவரை 'அந்தக் குதிரையை விட்டு இறங்கு' என்பது இதனால்தான். வெறும் திமிருக்கு இது பொருந்தாது, ஒழுக்கம் பேசும் திமிருக்குப் பொருந்தும். 'ரஃப்ஷாட்' கொஞ்சம் கொடூரமானது. பனியில் வழுக்காமல் இருக்கக் குதிரையின் லாடத்தில் ஆணித் தலைகள் துருத்திக்கொண்டிருக்குமாறு அடிப்பார்கள். அந்தக் காலோடு ஒருவர் மேல் ஏறிப் போவதை நினைத்துப் பாருங்கள். பிறர் உரிமையை மிதித்துப் போவதற்கு இவ்வளவு கடுமையான சொல் ஏன் என்பது விளங்கிவிடும்.

லகானைத் தளர்த்திக் குதிரையை அதன் போக்கில் விடுவது 'ஃப்ரீ ரெய்ன்'. இப்போது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதை அரசாட்சியைக் குறிக்கும் 'ரெய்ன்' எழுத்துக்கூட்டலில் எழுதிவிடுகிறார்கள். உச்சரிப்பு ஒன்று, சுதந்திரமாக ஆளவிடுவது என்று பார்த்தால் பொருளும் ஒட்டத்தான் செய்கிறது. கையில் லகான் பிடித்தவர்கள் குறைந்துபோன காலத்தில் இந்தத் தவறு பெருகியதில் ஆச்சரியம் இல்லை.

ஆற்றில் இறங்கிய குதிரைக்கு வருவோம். 1864 ஜூன். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போது ஆப்ரகாம் லிங்கன் மறுபடி வேட்பாளராக நிறுத்தப்பட்டார். வாழ்த்த வந்தவர்களிடம், நாட்டிலேயே சிறந்த ஆள் நான்தான் என்று என்னை நிறுத்தியதாக நினைக்கவில்லை என்றார். ஆற்றைக் கடக்கும்போது குதிரை மாற்றுவது உசிதமல்ல என்று ஒரு கிழ விவசாயி சொன்னதை நினைவுபடுத்தினார். தன்னைத் தாழ்த்திக்கொண்டே வாக்குக் கேட்கும் சாமர்த்தியம்! நம்மிடமும் ஆறும் குதிரையும் சேர்ந்த பழமொழி இருக்கிறது: 'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?' பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வழி வேறு. நம்முடையது இறங்குவதற்கு முன் யோசி என்கிறது, லிங்கனுடையது இறங்கிவிட்டாய், இனி மாற்றாதே என்கிறது. ஒன்றுக்கு இன்னொன்றை மொழிபெயர்ப்பாகப் போட்டால் பொருள் கவிழ்ந்துவிடும்.

'செத்த குதிரையை அடிப்பது' பிரிட்டனில் 'ஃப்ளாக்', அமெரிக்காவில் 'பீட்'. 1860களில் ஜான் பிரைட் என்ற எம்.பி.யின் வாக்குரிமைச் சீர்திருத்த முயற்சியை ஒட்டி இந்தத் தொடர் பிரிட்டிஷ் அரசியலில் அடிபட்டது. முடிந்துபோன விஷயத்தைப் பேசிப் பயனில்லை என்பது பொருள். அதற்கு முன்பிருந்தே, சம்பளம் வாங்கிச் செலவழித்துவிட்டு அதற்காகப் பின்னர் செய்யும் வேலையைச் செத்த குதிரை என்று சொல்லும் வழக்கம் இருந்தது. கப்பல் மாலுமிகள் ஏறுவதற்கு முன் ஒரு மாத முன்பணம் வாங்கித் துறைமுகத்திலேயே தீர்த்துவிடுவார்கள். முதல் மாதம் முழுக்க உழைத்தும் கையில் காசு சேராது. அந்த மாதம் முடிந்த அன்று துணியும் வைக்கோலும் கொண்டு ஒரு குதிரை பொம்மை செய்து, பாட்டுப் பாடிக் கப்பலைச் சுற்றி இழுத்து, பாய்மரக் கம்பில் தூக்கிக் கட்டி, கயிற்றை அறுத்துக் கடலில் தள்ளுவார்கள். முன்பணக் கடன் தீர்ந்த திருவிழா. சுமார் 30 பாகை அட்சரேகையை ஒட்டிய காற்றில்லாக் கடற்பகுதிக்குக் 'குதிரை அட்சரேகை' என்று பெயர் வந்ததை இந்தச் சடங்கோடு இணைப்பவர்களும் உண்டு. தண்ணீர் தீர்ந்து உயிருள்ள குதிரைகளைக் கடலில் தள்ளினார்கள் என்பது அதிகம் பேர் சொல்லும் கதை.

'ஸ்டாக்கிங் ஹார்ஸ்' நம் கையேடுகளில் அபூர்வம், பிரிட்டிஷ் செய்தித்தாளில் சகஜம். நீர்ப்பறவைகள் மனிதனைக் கண்டால் பறக்கும், மேயும் குதிரையைக் கண்டால் பறக்காது. வேட்டைக்காரன் குதிரையின் மறைவில் நடந்தே கிட்டப் போவான். அரசியலில் தான் ஜெயிப்பதற்காக அல்லாமல், பின்னால் வருபவருக்கு வழி பார்ப்பதற்காக நிற்பவர்தான் இந்தக் குதிரை. 1989 டிசம்பரில் பிரதமர் மார்கரெட் தாட்சரை எதிர்த்துக் கட்சித் தலைவர் தேர்தலில் சர் ஆன்டனி மேயர் என்ற எம்.பி. நின்றார். தாட்சருக்கு 314, அவருக்கு 33. குதிரை அல்ல, கழுதை என்றுகூடப் பத்திரிகைகள் கிண்டலடித்தன. ஆனால் செல்லாத வாக்கையும் வாக்களிக்காதவர்களையும் சேர்த்தால் 60 பேர் தாட்சர் பக்கம் இல்லை என்பது வெளியே தெரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் மைக்கேல் ஹெசல்டைன் நின்றார். தாட்சர் பதவி விலகினார்.

கடைசியாக, தமிழுக்குள்ளேயே வந்து தங்கிவிட்ட ஒன்று: 'ஹார்ஸ் டிரேடிங்', நாளேடுகளின் 'குதிரை பேரம்'. குதிரை விற்பவன் நொண்டியை மறைப்பான், வாங்குபவன் நல்ல குதிரையைக் குறை சொல்வான். இருவருக்கும் அது தெரியும். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தையில் இன்றும் நிஜக் குதிரை பேரம் நடக்கிறது. பல்லோடு சேர்த்துச் சுழியும் பார்ப்பார்கள். செய்தியில் வரும் குதிரை பேரமோ வேறு. 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகும் அந்தச் சொல் ஓயவில்லை. 2017 பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் விடுதியில் தங்கியிருந்த நாட்களில் தமிழ்நாட்டில் அதைக் கேட்காத வீடு இருந்திருக்காது. இந்திய அரசியல் பேச்சில் அதன் பொருள் ஒன்றே ஒன்றுதான்: பணத்துக்கோ பதவிக்கோ ஆளை இழுப்பது.

பிரிட்டிஷ், அமெரிக்கப் பத்திரிகைகளில் அதே சொல் இவ்வளவு அழுக்காக இல்லை. எனக்கு அந்த இலாகா, உனக்கு இந்த மசோதா என்று இரு தரப்பும் இழுபறியாகப் பேசி முடிப்பதையும் ஹார்ஸ் டிரேடிங் என்பார்கள். 2010 மே 6 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. கன்சர்வேட்டிவ் கட்சியும் லிபரல் டெமாக்ரட்டுகளும் சில நாட்கள் பேசி உடன்பாட்டுக்கு வந்தன. 11ஆம் தேதி டேவிட் கேமரன் பிரதமரானார். இப்படிப்பட்ட பேச்சுவார்த்தையையோ ஐரோப்பிய ஒன்றிய மாநாட்டின் நள்ளிரவு இழுபறியையோ ஒரு லண்டன் பத்திரிகை ஹார்ஸ் டிரேடிங் என்று எழுதினால், பெட்டி கை மாறியது என்று அர்த்தமில்லை. அதைத் தமிழில் தரும் செய்தியாளர் 'குதிரை பேரம்' என்று போட்டால் படிப்பவர் லஞ்சம் என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்த இடத்தில் 'கடும் பேரம்' என்று எழுதிவிட்டுப் போகலாம்.